பங்குச்சந்தை ஏறுது, வேலை இருக்கு. அப்புறம் ஏன் ஆளுங்கட்சிக்கு வயிற்றைக் கலக்குது? (அமெரிக்க இடைக்காலத் தேர்தல் 2026)

6 நவம்பர் 2025, காலை (கேள்வி)

வேலையின்மை 4.3%. பணவீக்கம் 3%. பங்குச்சந்தை உச்சத்தில் நிற்கிறது. இவ்வளவு இருந்தும் நேற்று முன்தினம் வர்ஜீனியா, நியூ ஜெர்ஸி ஆளுநர் தேர்தல்களில் டிரம்பின் குடியரசுக் கட்சி செமத்தியாக அடி வாங்கியது. பொருளாதாரம்தான் தேர்தலை முடிவு செய்யும் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய்யா, இல்லை இந்த எண்கள் பொய்யா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 நவம்பர், இரவு

இரண்டுமே பொய் இல்லை. நீங்கள் பார்க்கிற எண் வேறு, வாக்காளர் பார்க்கிற எண் வேறு.

பழைய இடைக்காலத் தேர்தல் (அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வரும் நாடாளுமன்றத் தேர்தல்) கணக்கைப் பாருங்கள். 2006 அக்டோபரில் வேலையின்மை 4.4%; புஷ்ஷின் கட்சி பிரதிநிதிகள் சபையில் சுமார் 30 இடம் இழந்தது. 2018 அக்டோபரில் 3.7%, டிரம்பின் கட்சி 40 இடம் இழந்தது. 1994-ல் பொருளாதாரம் 4% வளர்ந்தது. கிளின்டன் 54 இடத்தையும், அவர் கட்சி நாற்பது வருஷமாக வைத்திருந்த சபையையும் பறிகொடுத்தார். இந்தப் பக்கம் 2022. ஜூனில் பணவீக்கம் 9.1%, நாற்பது ஆண்டில் இல்லாத உயரம். பைடன் கட்சி இழந்தது 9 இடம் மட்டும். செனட்டில் ஒன்று கூடவே கிடைத்தது.

எண் மட்டுமே தீர்மானிக்கும் என்றால் 2018-ம் 2022-ம் இடம் மாறி இருந்திருக்க வேண்டும்.

சரி, எண்ணுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இடைக்காலத் தேர்தலில் அதிபர் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடம் கூட்டியது 1998, 2002 இரண்டே முறை. மற்றபடி இழப்பு என்பது வாடிக்கை. பொருளாதாரம் தீர்மானிப்பது எவ்வளவு இழப்பு என்பதை. 1982-ல் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியது, ரீகன் கட்சிக்கு 26 போனது. 2010-ல் 9 சதவீதத்துக்கு மேல், ஒபாமா கட்சிக்கு 63 போனது.

7 நவம்பர்

"37 இடம் போகும்னு டிவியில சொல்றாங்களே" என்று கேட்டவருக்கு: அது கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் பழைய சராசரி. அதிபரின் ஆதரவு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சராசரி இழப்பு 37, மேலே இருந்தால் 14. இப்போதைய தொகுதி வரைபடத்தில் அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது. 2010-ல் 63 போனதற்குக் காரணம், 2008 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன் ஜெயித்த தொகுதிகளில் கிட்டத்தட்ட ஐம்பது ஜனநாயகக் கட்சியினர் உட்கார்ந்திருந்தார்கள். விழ நிறைய இருந்தது. இன்று, 2024-ல் கமலா ஹாரிஸ் ஜெயித்த தொகுதிகளில் இருக்கிற குடியரசுக் கட்சியினர் மூன்றே பேர்: நெப்ராஸ்காவில் பேக்கன், பென்சில்வேனியாவில் ஃபிட்ஸ்பேட்ரிக், நியூயார்க்கில் லாலர். எதிர்ப்பக்கம் டிரம்ப் ஜெயித்த 13 தொகுதிகளில் ஜனநாயகக் கட்சியினர் இருக்கிறார்கள்.

ஆனால் 2024 முடிவு 220–215. மூன்று இடம் நகர்ந்தால் சபை கை மாறும். சுனாமி தேவையில்லை, ஓதம் போதும்.

8 நவம்பர்

பணவீக்கம் பற்றி. கேள்வி கேட்டவர் 3% என்று எழுதியதில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

3% என்பது வேகம். கடையில் யாரும் வேகத்துக்குக் காசு கொடுப்பதில்லை, விலைக்குத்தான் கொடுக்கிறார்கள். 2021 ஜனவரியிலிருந்து 2024 கடைசி வரை நுகர்வோர் விலைக் குறியீடு சுமார் 20% ஏறியது. வேகம் குறைந்ததே தவிர விலை இறங்கவில்லை. பைடன் ஆட்கள் "9-லிருந்து 3-க்குக் கொண்டுவந்தோம்" என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். கேட்டவன் காதில் விழுந்தது: "நீ சொல்வது பொய்."

இப்போது அதே குழியில் அடுத்தவர். ஒரு டஜன் முட்டை மார்ச்சில் 6.23 டாலர், வரலாறு காணாத விலை. செப்டம்பரில் மூன்றரை டாலருக்கு வந்துவிட்டது. வெள்ளை மாளிகை முட்டையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறது. அதே கடையில் அதே வண்டியில் அரைத்த மாட்டிறைச்சி பவுண்டு ஆறு டாலரைத் தாண்டிவிட்டது, காப்பித்தூள் பவுண்டு ஒன்பதைத் தாண்டிவிட்டது. ரசீதின் கடைசி வரியில் மொத்தம் குறையவில்லை.

8 நவம்பர், பத்து நிமிஷம் கழித்து

முட்டை விலை இறங்கியதற்கு நன்றி சொல்லி ஓட்டுப் போட்டவர் சரித்திரத்திலேயே கிடையாது. ஏறினால் மட்டும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

11 நவம்பர்

"அப்படின்னா எல்லாம் பிரசாரம்தானே?" இல்லை. பிரசாரம் ஒன்றுமில்லாததிலிருந்து உணர்வை உண்டாக்காது. ஏற்கெனவே இருக்கிற உணர்வுக்கு யார் பொறுப்பு என்று பெயர் எழுதும். அதைக் கட்சிகள் சரியாகச் செய்ததும் சொதப்பியதும் இரண்டுமே இருக்கின்றன.

சொதப்பல், 2010: ஒபாமாவின் ஊக்கத் திட்டத்தில் தனிநபருக்கு 400 டாலர், தம்பதிக்கு 800 டாலர் வரிச் சலுகை. மொத்தமாகக் காசோலை கொடுத்தால் சேமித்துவிடுவார்கள், சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிட்டால் செலவு செய்வார்கள் என்று பொருளியல் ஆலோசகர்கள் சொன்னார்கள். பொருளாதாரப்படி நல்ல யோசனை. வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர் கூடியதை யாரும் கவனிக்கவே இல்லை. தேர்தலுக்கு முன் எடுத்த நியூயார்க் டைம்ஸ் – சிபிஎஸ் கருத்துக்கணிப்பில், வரி குறைந்தது என்று சொன்னவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. தேர்தல் நோக்கில் பார்த்தால் அந்தப் பணம் காற்றில் கரைந்தது.

சொதப்பல், 2014: வேலையின்மை 5.7 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அக்டோபர் 2-ம் தேதி நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஒபாமா பேசும்போது, தான் வாக்குச்சீட்டில் இல்லை, ஆனால் தன் கொள்கைகள் ஒவ்வொன்றும் இருக்கின்றன என்றார். அதை அப்படியே வெட்டி எதிர்க்கட்சி விளம்பரத்தில் ஓட்டினார்கள். செனட்டில் 9 இடம் போனது. ஆளுங்கட்சி வேட்பாளர் தன் தொகுதியைப் பற்றிப் பேசத் துடிக்கும்போது அதிபர் தேர்தலைத் தன் மேல் இழுத்துக்கொள்வது, செய்யவே கூடாத காரியம்.

சரியாகச் செய்தது, 2018-ல் ஜனநாயகக் கட்சி: குடியரசுக் கட்சி பெரிய வரிக்குறைப்புச் சட்டத்தை 2017 டிசம்பரில் நிறைவேற்றி, அதையே தேர்தல் சரக்காக வைத்திருந்தது. மார்ச் 2018-ல் பென்சில்வேனியாவில் ஓர் இடைத்தேர்தல். டிரம்ப் சுமார் 20 சதவீதப் புள்ளியில் ஜெயித்த தொகுதி. முதலில் வரி விளம்பரம் ஓட்டினார்கள், எடுபடவில்லை, கடைசி வாரங்களில் குற்றம், குடியேற்றம் என்று மாற்றினார்கள். ஜனநாயகக் கட்சியின் கானர் லேம்ப் சில நூறு வாக்கில் ஜெயித்துவிட்டார். அந்த வருஷம் முழுக்க ஜனநாயகக் கட்சி ஒரே விஷயத்தை விடாமல் பிடித்தது: ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கான காப்பீட்டுப் பாதுகாப்பு. 2017 மே 4-ம் தேதி, ஒபாமாகேரை (ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்) நீக்கும் மசோதாவுக்கு 217–213 என்று சபையில் வாக்கெடுப்பு நடந்திருந்ததால், எந்த உறுப்பினர் கை தூக்கினார் என்று பெயரோடு காட்ட முடிந்தது. ஒரு நல்ல எதிர்மறை விளம்பரத்துக்குத் தேவை மூன்று: ஒரு வாக்கெடுப்பு எண், ஒரு தேதி, அந்தத் தொகுதியில் பாதிக்கப்பட்ட ஒருவர் முகம்.

12 நவம்பர்

2022 ஏன் அப்படி ஆனது என்று எழுத விட்டுப்போச்சு. ஜூன் 24-ல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை எடுத்தது. ஆகஸ்ட் 2-ல் கன்சாஸ் மாதிரி பழமைவாத மாநிலமே 59–41 என்று உரிமையின் பக்கம் நின்றது. தேர்தல் நாள் கருத்துக்கணிப்பில் முதல் பிரச்சினை எது என்றால் பணவீக்கம் 31, கருக்கலைப்பு 27. வழக்கமாக முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும்.

அதைவிட முக்கியம், அது நாடு முழுக்க ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. மிஷிகனில் உரிமை வாக்குச்சீட்டிலேயே இருந்தது, ஜனநாயகக் கட்சி அள்ளியது. நியூயார்க்கில் அந்த உரிமைக்கு ஆபத்தே இல்லை. அங்கே குற்றம், விலைவாசி என்று பேசிய குடியரசுக் கட்சி இடங்களைப் பிடித்தது. சபையில் அவர்களுக்குக் கிடைத்த 222-க்கு நியூயார்க் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான்.

பெட்ரோலும் உதவியது. ஜூன் நடுவில் கேலன் ஐந்து டாலரைத் தாண்டியது, நவம்பரில் 3.75 சுமார். முட்டைக்கு நன்றி இல்லை என்று மேலே எழுதினேன். பெட்ரோலுக்கும் நன்றி இல்லை, ஆனால் கோபம் ஆறும். கிலோமீட்டர் கணக்கில் தெரிகிற உயரத்தில் விலையை எழுதிப் போடுகிற பொருள் அது ஒன்றுதான்.

14 நவம்பர்

இந்த வருஷச் சட்டத்தைத் தேதி வாரியாகப் படியுங்கள், அரசியல் புரியும்.

ஜூலை 4-ல் கையெழுத்தான பெரிய சட்டத்தில் டிப்ஸுக்கு 25,000 டாலர் வரை வருமான வரிக் கழிவு, ஓவர்டைமுக்கு 12,500 வரை, முதியவர்களுக்கு 6,000. மூன்றும் 2025 வருமானத்துக்கே பொருந்தும். ஆனால் சம்பளத்தில் வரி பிடிக்கும் அட்டவணையை இந்த வருஷம் மாற்றவில்லை. அதனால் கூடுதலாகப் பிடித்த பணம் 2026 பிப்ரவரி, மார்ச்சில் ரீஃபண்டாக மொத்தமாக வரும். 2010-ன் பாடத்தை யாரோ படித்திருக்கிறார்கள்.

வெட்டு எப்போது? மெடிக்கெய்டில் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வேலை செய்தால்தான் காப்பீடு என்ற நிபந்தனைக்கு மாநிலங்களுக்கான கெடு 2026 கடைசி. தேர்தல் நவம்பர் 3. கொடுப்பது முன்னே, பிடுங்குவது பின்னே. எந்தக் கட்சி வந்தாலும் சட்டம் எழுதுகிறவர்கள் இதைத்தான் செய்வார்கள். முடியாமல் போனது ஒபாமாகேர். அதன் பெரிய பலன்கள் 2014-ல்தான் தொடங்கின, தண்டனை 2010-லேயே வந்துவிட்டது.

இரண்டு ஓட்டை. டிப்ஸ் வாங்குகிற பலருக்கு வருமானம் குறைவு, ஏற்கெனவே வருமான வரியே கிடையாது. கழிவினால் அவர்களுக்குப் பைசா வராது. இரண்டாவது, மார்ச் ரீஃபண்ட் நவம்பரில் நினைவில் இருக்காது. கோடையில் பழைய டயரை மாற்றியதோடு போய்விடும்.

16 நவம்பர்

காப்பி, வாழைப்பழம், மாட்டிறைச்சி இறக்குமதி மீது டிரம்ப் போட்ட பதிலடி வரிகளை வெள்ளிக்கிழமை நீக்கிவிட்டார்கள். "வரியை வெளிநாட்டுக்காரன் கட்டுகிறான்" என்று ஏப்ரலிலிருந்து சொன்ன வாதத்துக்கு இது எதிர்ச்சாட்சி. விலை குறைய வரியை எடுக்கிறோம் என்றால், விலை ஏறியது எதனால்?

இன்னொன்று, வரி போனவுடனே அலமாரியில் விலை இறங்காது. பழைய விலைக்கு வாங்கிய கொட்டை வறுத்து, அரைத்து, பாக்கெட்டில் போட்டு விற்றுத் தீர மாதக்கணக்கு ஆகும். அறிவித்த அன்றே பெருமை பேசினால் நடுவே இருக்கிற மாதங்கள் பொய்யாகத் தெரியும்.

22 நவம்பர்

நாள்காட்டி பற்றி. தேர்தலுக்கு முன் வாக்காளர் காதில் விழுகிற கடைசி எண்கள் எவை என்று பலர் யோசிப்பதே இல்லை. விலைக் குறியீடு அடுத்த மாத நடுவில் வரும். ஆகவே நவம்பர் 3-க்கு முன் கடைசியாக வருவது செப்டம்பர் மாதக் கணக்கு. வேலைவாய்ப்பு அறிக்கை வழக்கமாக மாதத்தின் முதல் வெள்ளி; 2026-ல் அது நவம்பர் 6, தேர்தல் முடிந்து மூன்று நாள். அக்டோபர் கடைசியில் மூன்றாம் காலாண்டு வளர்ச்சி மதிப்பீடு வரும். அதைச் செய்தி வாசிப்பவர் தவிர யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

1982-ல் நடந்ததைப் பாருங்கள். வேலையின்மை பத்தைத் தாண்டியது என்ற செய்தி அக்டோபர் 8-ல் வந்தது. தேர்தல் நவம்பர் 2. இரட்டை இலக்கம் தலைப்புச் செய்தியாக மூன்று வாரம் ஓடியது.

இந்த முறை அரசு முடக்கத்தால் (செலவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் அரசு அலுவலகங்கள் நின்றது) இந்த அக்டோபருக்கு விலைக் குறியீடே வராது என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். இதன் விளைவு அடுத்த மாதக் கணக்கிலும் தொங்கும், வரும்போது எழுதுகிறேன்.

23 நவம்பர்

ராஜா கிருஷ்ணமூர்த்தி பற்றிக் கேட்டிருக்கிறார் ஒருவர். நம்ம ஆள் என்ற ஆர்வம் புரிகிறது. இலினாயில் டர்பின் விலகும் செனட் இடத்துக்கு நிற்கிறார். ஆனால் அங்கே சண்டை மார்ச் 17 உட்கட்சித் தேர்தலில்தான். வேட்பாளர் எல்லாரும் ஒரே கட்சி, விலைவாசிக்கு எல்லாரும் ஒரே ஆளைத் திட்டுவார்கள். இந்த இழையில் பேசுகிற எதுவும் அங்கே பொருந்தாது. பணமும் பெயர் அறிமுகமும் தீர்மானிக்கும்.

27 நவம்பர்

எல்லாரும் வர்ஜீனியாவைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது ஜார்ஜியா.

அதே நவம்பர் 4-ல் ஜார்ஜியாவில் பொதுச் சேவை ஆணையத்துக்கு இரண்டு இடங்களில் தேர்தல். மின்கட்டணத்தை அனுமதிக்கிற ஆணையம். சாதாரணமாக யாருக்கும் அதன் உறுப்பினர் பெயர்கூடத் தெரியாது. இரண்டையும் ஜனநாயகக் கட்சி அறுபது சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தது. அந்த மாநிலத்தில் மாநில அளவிலான அரசுப் பதவி ஒன்றை அவர்கள் ஜெயித்து 2006-க்குப் பிறகு இதுதான் முதல் முறை.

அங்கே செய்தி எப்படி வேலை செய்தது என்று கவனியுங்கள். "பணவீக்கம்" என்று பேசவில்லை. வீட்டுக்கு வருகிற மின்கட்டண பில், அதை உயர்த்தச் சம்மதித்த ஆணையம், அதில் உட்கார்ந்திருக்கிற இவர். பிரச்சினைக்கும் பொறுப்பாளருக்கும் நடுவே ஒரே படி. நியூ ஜெர்ஸியில் ஆளுநர் வேட்பாளர் மிக்கி ஷெரில் மின்கட்டணத்துக்கு அவசர நிலை அறிவிப்பேன் என்றார், நியூயார்க்கில் மேயர் வேட்பாளர் மம்தானி வாடகையை உறைய வைப்பேன் என்றார். கொள்கையில் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. வாக்கியம் ஒரே அச்சு: ஒரு பில், ஒரு வினை.

3 டிசம்பர்

டென்னசி ஏழாவது தொகுதி. 2024-ல் டிரம்ப் 22 புள்ளி முன்னிலை. நேற்றைய இடைத்தேர்தலில் அவர் கட்சி ஜெயித்தது சுமார் 9-ல். பதின்மூன்று புள்ளி நகர்வு. இடைத்தேர்தலில் படித்த, தவறாமல் ஓட்டுப் போடுகிற கூட்டம் மட்டும் வரும், அது இப்போது ஜனநாயகக் கட்சிக் கூட்டம் என்று தள்ளுபடி செய்வது வழக்கம். ஆனால் இங்கே வாக்குப்பதிவு இடைக்காலத் தேர்தல் அளவுக்கு நெருக்கமாகவே இருந்தது, முழுதாகத் தள்ள முடியாது.

ஜனநாயகக் கட்சி கற்க வேண்டியதும் உண்டு. வேட்பாளர் மளிகை விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எதிராளி விளம்பரங்களோ, நாஷ்வில் நகரத்தையே பிடிக்கவில்லை என்று அவர் பேசிய பழைய பாட்காஸ்ட் துணுக்கை ஓட்டின. விலைவாசிச் செய்தி பிழைக்க, வேட்பாளரே செய்தியாகாமல் இருக்க வேண்டும்.

5 டிசம்பர்

தொகுதி மறுவரையறை: டெக்சாஸ் புது வரைபடத்துக்கு உச்ச நீதிமன்றம் நேற்று வழிவிட்டது, குறி குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக 5 இடம். கலிஃபோர்னியாவும் நவம்பர் 4-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஜனநாயகக் கட்சிக்கு 5 என்று குறி வைத்துவிட்டது. கிட்டத்தட்ட சமன். டெக்சாஸ் வரைபடத்தில் அபாயம் ஒன்று: 2024-ல் டிரம்புக்கு வந்த லத்தீன் வாக்கு 2026-லும் வரும் என்று நம்பி வரைந்திருக்கிறார்கள். மளிகை விலைக்கு முதலில் கோபப்படுகிறவர்களும் அவர்கள்தான்.

10 டிசம்பர்

நேற்று பென்சில்வேனியா மவுன்ட் போகோனோவில் டிரம்ப் பொருளாதாரப் பயணத்தைத் தொடங்கினார். விலைவாசி பற்றிப் பேசத்தான் மேடை. மேடையில் அந்தப் பேச்சையே ஜனநாயகக் கட்சியின் புரளி என்றார். 2023 ஜூனில் பைடன் சிகாகோவில் "பைடனாமிக்ஸ்" என்று தன் பெயரையே பொருளாதாரத்துக்குச் சூட்டிக்கொண்டார். கட்சி வேறு, தப்பு ஒன்று: வாக்காளரின் பர்ஸைப் பற்றி அவரிடமே வாதாடுவது.

மிஷிகன் பல்கலைக்கழக நுகர்வோர் மனநிலைக் குறியீடு நவம்பரில் 51. 2022 ஜூனில் பதிவான அடிமட்டம் 50. ஒரு எச்சரிக்கை, இந்தக் குறியீட்டை மொத்தமாகப் படிக்காதீர்கள். அதிபர் மாறின மறுநாளே இரு கட்சிக்காரரும் தலைகீழாகப் பதில் சொல்வார்கள். சார்பற்றவர்கள் வரிசையை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

13 டிசம்பர்

விளம்பரச் செலவு கேட்டவருக்கு. "சூப்பர் பேக் பணம் கொட்டினா போதுமே" என்கிறீர்கள் (சூப்பர் பேக் என்பது வரம்பில்லாமல் பணம் திரட்டிச் செலவிடும் வெளிக்குழு). போதாது. தேர்தலுக்கு முந்தைய 60 நாள் டிவி நிலையங்கள் வேட்பாளருக்கு மட்டும் மிகக் குறைந்த கட்டணத்தில் நேரம் தர வேண்டும். 2026-ல் அது செப்டம்பர் 4-ல் தொடங்கும். சூப்பர் பேக் சந்தை விலை கொடுக்கும். தேர்தல் நெருங்க நெருங்க அது பல மடங்கு. அதனால் வேட்பாளர் கையில் இருக்கிற ஒரு டாலர் வெளியாள் கையில் இருக்கிற பல டாலருக்குச் சமம். ஒருவர் ஒரு வேட்பாளருக்குக் கொடுக்கக்கூடியது ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் மட்டும், அதனால்தான் சிறு நன்கொடைக்கு இவ்வளவு அலைச்சல்.

இருவரும் கலந்து பேசக்கூடாது என்று சட்டம். வழி? வேட்பாளரின் இணையதளத்தில் ஒரு மூலையில் சிவப்புக் கட்டம். "மில்வாக்கிப் பெண் வாக்காளர்கள் இதைப் பார்க்கவும் கேட்கவும் வேண்டும்" என்கிற மாதிரி வாசகம். பார் என்றால் டிவி. எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடப்பதால் அது இரகசியப் பேச்சு ஆகாதாம்.

இன்னொரு செப்டம்பர் 4: வட கரோலினா தபால் வாக்குச்சீட்டை 60 நாள் முன்பே அனுப்பும். செனட்டுக்கு ஜனநாயகக் கட்சியின் ராய் கூப்பர் மோதப்போகிற மாநிலம். அக்டோபரில் நல்ல செய்தி வரும் என்று காத்திருக்கிறவர்களுக்குப் பாதி வண்டி கிளம்பியிருக்கும்.

17 டிசம்பர்

நவம்பர் வேலையின்மை 4.6%. கேள்வியின் முதல் வரி காலாவதி.

18 டிசம்பர்

சொன்ன விலைக் குறியீடு, நவம்பர் மாதத்துக்கானது, வந்துவிட்டது: 2.7%. வெள்ளை மாளிகை கொண்டாடுகிறது. உள்ளே பாருங்கள், அக்டோபர் வாடகை விவரம் திரட்டவே இல்லை, கணக்கில் அந்த மாத உயர்வு பூஜ்யம் என்பதுபோல விழுந்திருக்கிறது. வாடகைக்குக் குறியீட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எடை. இந்தத் தாழ்வு சில மாதம் ஒட்டிக்கொண்டே வரும்.

இன்றைக்குப் பார்க்க வேண்டியது அது இல்லை. ஒபாமாகேர் கூடுதல் மானியம் டிசம்பர் 31-ல் முடிகிறது. கேஎஃப்எஃப் என்ற சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பின் கணக்குப்படி மானியம் பெறுபவர் கையிலிருந்து கட்டும் ஆண்டு பிரீமியம் சராசரி 888 டாலரிலிருந்து 1,904 ஆகும். ஜார்ஜியா பில் மாதிரிதான்: தபாலில் வரும், பொறுப்பாளருக்கு ஒரே படி. செனட் 11-ம் தேதி இரு கட்சி மசோதாவையும் தள்ளிவிட்டது. நேற்று சபையில் நான்கு குடியரசுக் கட்சியினர் தங்கள் சபாநாயகரை மீறி, மானியத்தை நீட்டிக்க வாக்கெடுப்பு கோரும் ஜனநாயகக் கட்சி மனுவில் கையெழுத்துப் போட்டு 218 ஆக்கினார்கள். மூன்று பேர் பென்சில்வேனியா, ஒருவர் நியூயார்க். நவம்பர் 7-ம் தேதிக் குறிப்பில் எழுதிய மூவரில் இருவர், ஃபிட்ஸ்பேட்ரிக்கும் லாலரும், இந்த நால்வரில் இருக்கிறார்கள்.

வாக்கெடுப்பு ஜனவரியில்தான் வரும். புது பிரீமியம் முதல் தேதியே வந்துவிடும்.